ஆத்தாள் கோபமும் அளவுகோலும்

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக்குச் சமணக் காஞ்சி என்றும் பெயருண்டு. அங்குள்ள வர்த்தமானர் கோயிலின் கூரை ஓவியங்களைக் கண்டு வியப்போர் பலர். அக்கோயிலை எழுப்பிய சமயம், உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் தானங்களில் ஒன்றாக வைத்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே! சமணப் புலவர்கள் தம் நூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயரையே சூட்டினர். நோய்க்கு மருந்து தேடிய மரபு இம்மண்ணில் இருந்தது, தோழர்களே! பின், உடல் கொதித்ததும் வேப்பிலையும் விபூதியும் தேடி நாம் ஓடியது ஏன்?

கொதிப்பின் காரணம் விளங்கவில்லை. விளங்காததற்கு ஆத்தாள் கோபம் என்று பெயரிட்டோம். நம்மை மட்டும் நொந்து பயனில்லை. ஐரோப்பியரும் நெடுங்காலம் காய்ச்சலையே நோயென்று எண்ணினர். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள்! 1868-இல் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி என்றார். அக்காலத்து வெப்பமானி ஓரடி நீளம். அக்குளில் வைத்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பூசாரிக்கு அத்தனை பொறுமை ஏது? 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் ரொனால்டு ராஸ். கோபக்காரத் தெய்வம் நின்ற இடத்தில் கொசு வந்து நின்றது!

அறிகுறி என்றால், எதன் அறிகுறி? பெரியம்மையை 1975-க்குப் பின் இந்தியா காணவில்லை. அம்மை குத்துதல் அதை விரட்டியது. ஆனால் டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் இன்றும் உண்டு. தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே சூடுதான். இரத்தப் பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. குழித்தறியில் காலை இறக்கி நாளெல்லாம் அமர்ந்திருக்கும் பட்டு நெசவாளிக்கு இச்செய்தி கட்டாயம் போய்ச் சேரவேண்டும்.

யாரிடம் செல்வது? நெஞ்சு வல்லுநரையும் நரம்பு வல்லுநரையும் நாமே தேர்ந்து பணத்தைக் கொட்டுவது, குறி கேட்பதன் மறுபிறவி! முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அல்லது பொது மருத்துவர். குழந்தையாயின் குழந்தை மருத்துவர். வல்லுநர் தேவையெனில் எவர் என்பதை அவரே சொல்வார். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவுத் தடுமாற்றம், இரத்தக் கசிவு கண்டாலோ, மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கே செல்லவேண்டும். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்து தொடங்கும் வேளையாகலாம். "ஆத்தாள் மனம் குளிர்ந்தாள்" என்று கற்பூரம் ஏற்றும் அந்த நேரத்தில், பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் வாந்தியெடுத்தால், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.