விழுந்தால் எழுப்ப ஓர் ஆள்

இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒரு பழைய கதை எழுதுகிறேன். பல கணினிகள், நடுவில் நாட்டாமை யாருமில்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யணும். இதற்கு நிரல் எழுதுவது எப்படி?

1973-ல் கார்ல் ஹியூவிட்டும் அவருடைய இரு சகாக்களும் ‘ஆக்டர்’ முறையைச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆக்டரும் தனிக்குடித்தனம். அடுத்தவர் நினைவகத்தில் கை வைக்கக் கூடாது. எதுவானாலும் செய்தி அனுப்பித்தான் கேட்கணும்.

1986 வாக்கில் ஸ்வீடனின் எரிக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் எர்லாங் மொழியைத் தொடங்கினார்கள். ஹியூவிட்டைப் படித்துவிட்டு அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் தேவையே அவர்களை அதே இடத்துக்கு இழுத்து வந்தது. ஓர் அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகளும் அறுந்துவிடக் கூடாதே! எனவே, கெட்டுப்போன பகுதி விழட்டும், மேற்பார்வை பார்க்கும் இன்னொரு பகுதி அதை எழுப்பட்டும் என்றார்கள். கணினியே நின்றுபோனால்? அதற்குத்தான் இரண்டாவது கணினி.

1998-ல் எரிக்சனின் ரேடியோ பிரிவு, புதிய தயாரிப்புகளுக்கு எர்லாங் வேண்டாம் என்று தடை போட்டது. அதே டிசம்பரில் மொழி எல்லோருக்கும் இலவசமானது. ஆர்ம்ஸ்ட்ராங்கும் சிலரும் வேலையை விட்டார்கள். ஆனால் 2014-ல் பேஸ்புக் வாங்கியபோது சுமார் 45 கோடி பேரின் செய்திகளைச் சுமந்த வாட்ஸ்அப், எர்லாங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது!

மொழிகள் வரும், போகும். நிரல் எழுத உட்காரும்போது, “இது விழுந்தால் யார் எழுப்புவது?” என்று முதலில் கேளுங்கள். இந்த வரலாற்றில் நான் கண்ட பாடம் அதுதான்.