முப்புரி நார்

முழங்காலை மடக்கி நிமிர்த்துகையில் எலும்போடு எலும்பு உராயாமல் காப்பது குருத்தெலும்பு. அதன் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீரே. புரதமும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள் அந்நீரை ஈர்த்துப் பருக்க முயல்கிறது. அதனை வலைபோல் இறுக்கிக் கட்டுவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். வலை அறுந்தால் மூட்டுக்கு உறுதி ஏது?

அந்நாரின் உள்ளமைப்பு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1952-இல் பெங்களூரிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனிடம், சென்னைக்கு வருகை தந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால் அதனைச் சுட்டிக்காட்டினார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். கங்காருவும் சென்னையும்! விந்தையான சேர்க்கைதான்.

மூன்று சங்கிலிகள் அருகருகே சுருண்டு நிற்கின்றன என்று 1954-இல் அறிவித்தனர்; மறு ஆண்டே, அவை கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கியுள்ளன என்று திருத்தினர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருவதன் காரணமும் விளங்கிற்று: மிகச் சிறிய அமினோ அமிலமான அதற்கே கயிற்றின் நடுவில் இடமுண்டு.

மும்மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற அவர்கள் கருத்தை ரிச்சும் கிரிக்கும் மறுத்து, ஒன்றே என்றனர். அக்கூற்றில் அவர்கள் பக்கமே நியாயம். எனினும் முப்புரி என்னும் மூலக்கருத்து சென்னையில் பிறந்தது. அதனைச் சொல்லாது விடும் நூல்களைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

இவையனைத்தும் தசைநாணைக் கொண்டு கண்டவை. குருத்தெலும்பின் கொலாஜன் தனிவகை என்பதை 1969-இல் மில்லரும் மட்டுகாஸும் கோழிக்குஞ்சில் காட்டினர். தசைநாணில் இரு புரிகள் ஒருவகை, மூன்றாவது வேறு. குருத்தெலும்பிலோ மூன்றும் ஒன்றே.