கியர் பாக்ஸுக்கு ஃபில்டர் எங்கே? - ஒரு சிறு வரலாறு

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டேங்க் ஃபேக்டரி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கம்பெனிகள் என்று நாலா பக்கமும் வேலைக்குப் போகிறவர்களின் பைக்குகள் காலையும் மாலையும் ஓடும் பகுதி இது. இந்தப் பக்கம் ஏதாவது ஒரு ஒர்க் ஷாப்பில் போய் "அண்ணே, கியர் பாக்ஸ் ஃபில்டரை மாத்திடுங்க" என்று சொன்னால், மெக்கானிக் சிரித்துவிட்டு "அப்படி ஒண்ணு தனியா இல்லையே தம்பி" என்பார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். பெரும்பாலான பைக்குகளில் கியர் பாக்ஸுக்கு என்று தனி ஃபில்டர் கிடையாது. ஆனால் ஏன் கிடையாது? அப்படியானால் கியர் பாக்ஸில் சேரும் அழுக்கை யார் பிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில் ஐம்பது அறுபது வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி பாரிவாக்கத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே நடந்தது என்பதுதான் சுவாரசியம்!

மூடிய பெட்டிக்குள் அழுக்கு எப்படி?

கியர் பாக்ஸ் ஒரு மூடிய பெட்டி. ரோட்டுத் தூசி உள்ளே போகாது. பெட்ரோல் எரியும் கரியும் நேரடியாக வராது. பிறகு ஆயில் ஏன் கறுக்கிறது?

முதல் காரணம், பற்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று உரசுவது. புது வண்டியில் இது அதிகம். பற்கள் ஒன்றுக்கொன்று பழகும்வரை மெல்லிய இரும்புத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். முதல் சர்வீஸை 500, 750 கிலோமீட்டரிலேயே செய்யச் சொல்வதற்கு இது முக்கியமான காரணம். இரண்டாவது, கிளட்ச் பிளேட். ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும் கிளட்சில் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக பிளேட் தேயும். அந்தத் தூள் ஆயிலில்தான் கலக்கிறது. மூன்றாவது தண்ணீர். சூடான இன்ஜின் குளிரும்போது உள்ளே படியும் ஈரம் முதல் மழை வெள்ளம் வரை இதில் அடக்கம்.

இந்த மூன்றையும் ஆயிலிலிருந்து பிரித்தெடுக்க ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வழி இருந்தது.

திருவொற்றியூர் காலம்: மூன்று அறை, மூன்று ஆயில்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் இங்கேயே தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்துக் கம்பெனி 1970ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை.

அந்தப் பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று தனித்தனி அறைகள் இருக்கும். வலது பக்கமும் நடுவிலும் இன்ஜின். இடது பக்கம் பிரைமரி செயினும் கிளட்ச்சும் இருக்கும் அறை. இன்ஜினுக்குப் பின்னால் போல்ட் போட்டு இணைத்த கியர் பாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஆயில் வேறு. ஒன்றின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகாது.

இதில் ஃபில்டர் இருந்தது இன்ஜினுக்கு மட்டும்தான். கம்பளி போன்ற ஃபெல்ட் துணியால் ஆன சிறிய உருளை அது. பம்ப் அனுப்பும் ஆயில் இந்த ஃபெல்ட் வழியாக வடிந்த பிறகே கிராங்க் பேரிங்குக்குப் போகும். ஃபெல்ட் அடைத்துக்கொண்டால் பெரிய செலவுதான்.

கியர் பாக்ஸ்? அது ஆல்பியன் என்ற பர்மிங்காம் கம்பெனியின் வடிவமைப்பு. இன்றைய மாதிரி ஆயில் சீல்கள் இல்லாத காலத்துச் சரக்கு என்பதால் நீர்த்த ஆயிலை ஊற்றினால் கசிந்துவிடும். எனவே இளகிய கிரீஸ் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகள் கிரீஸும் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். கூழ் மாதிரி இருக்கும் கிரீஸை எந்த ஃபில்டரில் வடிகட்ட முடியும்? எனவே அங்கே ஃபில்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடியைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, பழையதை வழித்தெடுத்து, கழுவி, புதியதைப் போட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் அந்தக் காலத்து கியர் பாக்ஸ் ஃபில்டர் மெக்கானிக்கின் கைதான்!

டூ ஸ்ட்ரோக் காலம்: வடிகட்டாதே, வடித்துவிடு

ஒருபுறம் மைசூரில் ஜாவா, பிறகு எஸ்டி. இன்னொருபுறம் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத். 1980களின் நடுவில் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, வடக்கிலிருந்து யமஹா ஆர்எக்ஸ் 100. இவை எல்லாமே டூ ஸ்ட்ரோக் வண்டிகள்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கலந்து கிராங்க் அறைக்குள்ளேயே நுழைந்துதான் மேலே போகிறது. இன்ஜினுக்குப் போன ஆயில் எரிந்து புகையாகிவிடும், திரும்பி வராது. திரும்பி வராத ஆயிலுக்கு ஃபில்டர் எதற்கு? கியர் பாக்ஸ் ஆயில் இந்தக் கிராங்க் அறையோடு கலக்கக்கூடாது என்பதால் அதைத் தனியாக சீல் வைத்து அடைத்தார்கள். கிளட்ச்சும் கியரும் ஒரே ஆயிலில் ஊறும். பம்ப் கிடையாது, பற்சக்கரம் சுழலும்போது வாரியடிப்பதுதான். பம்ப் இல்லாததால் ஃபில்டரும் இல்லை.

அதனால் ஒரே வைத்தியம், டிரெயின் நட்டைக் கழற்றி ஆயிலை மொத்தமாக வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவது. பெட்ரோலோடு சேர்க்கும் டூ-டி ஆயில் தீர்ந்தால் இன்ஜினே சிக்கிக்கொள்ளும், அதனால் யாரும் மறப்பதில்லை. கியர் ஆயில் கெட்டால் வண்டி உடனே நிற்காது. மெதுவாக கியர் விழ மறுக்கும், கிளட்ச் வழுக்கும். உடனே தண்டிக்காத தவறைத்தான் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள்.

1985: எல்லாமே ஒரே ஆயில்

1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. நூறு சிசிக்குச் சற்றுக் குறைவான ஃபோர் ஸ்ட்ரோக். "நிரப்பு, மூடு, மற" என்ற பொருளில் அதன் ஆங்கில விளம்பரம் நாடு முழுக்கப் பிரபலம். அது சொன்னது பெட்ரோலைப் பற்றி. ஆனால் உள்ளே நடந்த பெரிய மாற்றம் ஆயிலில்தான். இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் உலகில் 1959ல் வந்த பிரிட்டனின் மினி காரும் இதே மாதிரி இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயிலை வைத்திருந்தது.

இந்த இடத்தில்தான் கியர் பாக்ஸுக்கு முதன்முறையாக ஃபில்டர் கிடைத்தது, அதாவது இன்ஜினுடையதையே பங்கு போட்டுக்கொண்டது. அது இரண்டு படிகளில் வேலை செய்தது. அடியில் ஒரு கம்பி வலை ஜல்லடை, பெரிய துண்டுகளைத் தடுக்க. கிராங்க்கின் முனையில் ஒரு சுழலும் கிண்ணம். ஆயில் இதற்குள் போய்ச் சுழலும்போது ஆயிலைவிடக் கனமான தூள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், இங்கே பிரிவது கசடு.

இந்தக் கிண்ணத்தை மாற்றத் தேவையில்லை. ஆனால் திறந்து துடைக்க வேண்டும். அதற்கு வலது பக்க மூடியைக் கழற்ற வேண்டும், கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும். ஆயில் மாற்றுவது பத்து நிமிட வேலை. கிண்ணத்தைச் சுத்தம் செய்வது அதைவிடப் பல மடங்கு நேரம். வெளியில் தெரியாத வேலை என்பதால் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான். 1994ல் ஸ்ப்ளெண்டர் வந்த பிறகும் இதே முறை தொடர்ந்தது.

எல்லாம் ஒரே ஆயில் என்றால் ஒரு ஆபத்தும் உண்டு. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சில பொருட்கள் பைக்கின் கிளட்சை வழுக்க வைத்துவிடும். அதனால்தான் ஜப்பானியர்கள் 1998ல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆயில் டப்பாவில் "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ 2" என்று போட்டிருப்பது இதைத்தான்.

புல்லட்டும் மாறியது

1994ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. புகை விதிமுறைகள் இறுகின. 2010ல் இருசக்கர வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 3 நாடு முழுக்க வந்ததையொட்டி பழைய வார்ப்பிரும்பு இன்ஜினின் காலம் முடிந்தது. அதற்குச் சற்று முன்பே, 2000களின் இறுதியில், இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யூசிஇ இன்ஜின் வந்துவிட்டது. மூன்று அறை ஒரே அறையானது. மூன்று ஆயில் ஒன்றானது. ஃபெல்ட் போய் பேப்பர் ஃபில்டர் வந்தது. 2013ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலையும் தொடங்கியது. திருவொற்றியூர் பாரிவாக்கத்துக்கு வடகிழக்கே, ஒரகடம் தென்மேற்கே. கையால் வழித்த கிரீஸிலிருந்து பேப்பர் ஃபில்டர் வரையிலான பயணம் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் அடங்கிவிடுகிறது.

ஆயில் ஃபில்டர் என்ற பொருளே கார்களுக்காக 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் உருவாக்கியதுதான். அவர் வைத்த பெயர் ப்யூரோலேட்டர். "ப்யூர் ஆயில் லேட்டர்" என்பதன் சுருக்கமாம்!

ஃபில்டரைக் கழற்றினால் என்ன தெரியும்?

பேப்பர் ஃபில்டரை மாற்றுவது கடினமில்லை. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஆயிலை வடிக்க வேண்டும். ஜல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஃபில்டர் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கவனித்து, புதியதை அதே மாதிரி வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஆயில் ஓட்டமே தடைபடலாம். ஓ-ரிங்கும் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். போல்ட்டை முறுக்கித் தள்ளக்கூடாது. அலுமினியத்தில் மரை போனால் இருநூறு ரூபாய் வேலை இரண்டாயிரம் ஆகிவிடும். கடைசியாக வண்டியைச் சிறிது ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் அளவையும் கசிவையும் பார்க்க வேண்டும்.

ஆனால் இதைவிட முக்கியமானது பழையதை உடனே குப்பையில் போடாமல் பார்ப்பது. நல்ல மெக்கானிக் ஜல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

கறுப்பு நார் மாதிரி இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது.
காந்தத்தில் ஒட்டும் மெல்லிய தூள் சாதாரணம். ஒட்டும் சில்லு என்றால் பல் உடைகிறது.
காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு அலுமினியமாக இருக்கலாம்.
பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கடைசியில் சொன்ன நிறத்தை 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை மெக்கானிக்குகள் நிறையவே பார்த்தார்கள். மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தால் பால் மாதிரி ஆன ஆயில் எல்லா பேரிங்குக்கும் போய்ச் சேரும். கை வைக்காமல் ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போய் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதே சரி.

கணக்குப் புத்தகம் சொல்வது

கணக்குப் பதிவியலில் ஃபில்டர் மாற்றுவது வருவாயினச் செலவு, சிறியது, அடிக்கடி வருவது. லாபத்தைக் கூட்டிக் காட்ட நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். ஆனால் வெட்டிய செலவு மறைவதில்லை, சொத்தின் ஆயுளில் கழிந்துவிடுகிறது. பால் ஊற்றுபவருக்கும், கூரியர் பையனுக்கும், சாப்பாடு டெலிவரி செய்பவருக்கும் பைக்தான் முதல். அது ஒர்க் ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். மூன்று ஆயில் இருந்தபோது கியரின் கோளாறு கியரோடு போனது. இன்று ஒரே ஆயில் என்பதால் கியரில் உடைந்த சில்லு பிஸ்டன் வரை பயணம் செய்யும். வசதி கூடியபோது ஒரு சின்ன ஃபில்டரின் பொறுப்பும் கூடிவிட்டது.

இனி?

உண்மையிலேயே கியருக்கென்று தனி ஃபில்டர் உள்ள பைக்கும் உண்டு. ஹோண்டா 2010ல் கொண்டுவந்த டிசிடி என்ற இரட்டை கிளட்ச் முறையில் ஆயில் அழுத்தமே கிளட்சை இயக்குகிறது. அந்தப் பாதையில் சிறு துகள் போனாலும் கியர் மாறுவது தடுமாறும் என்பதால் இன்ஜின் ஃபில்டரைத் தவிர இன்னொன்றும் வைத்தார்கள். 2017ல் இந்தியாவுக்கு வந்த ஆப்ரிக்கா ட்வின் பைக்கில் அது இருக்கிறது. இன்னொரு பக்கம் ஓசூரிலிருந்து வரும் ஏதர் மின் ஸ்கூட்டரில் மாற்ற கியரும் இல்லை, இன்ஜின் ஆயிலும் இல்லை, அதனால் ஃபில்டரும் இல்லை. ஆனால் பின் சக்கரத்தைச் சுற்றும் பெல்ட் இருக்கிறது, அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியும் இருக்கிறது.

கிரீஸ், ஃபெல்ட், கிண்ணம், பேப்பர் என்று பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிற வேலை மட்டும் இன்னும் மனிதனிடமே இருக்கிறது. அடுத்த சர்வீஸின்போது "பழைய ஃபில்டரைக் கொஞ்சம் காட்டுங்க அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். பில்லில் எழுதாத பல விஷயங்கள் அதில் எழுதியிருக்கும்.