மோரிப் கரையில் படை இறங்கிய நாள்: 1945 செப்டம்பர் 9

சிலாங்கூர், கோலலங்காட் மாவட்டத்தில் உள்ள மோரிப், கிள்ளான், பந்திங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறையில் கூடும் கடற்கரை. கடல் வற்றும் வேளையில் அங்கே இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும்: மேலே பார்த்தால் மணல், கால் வைத்தால் சேறு. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் அந்தச் சேற்றில்தான் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் ஆயிரக்கணக்கான வீரர்கள் வந்து இறங்கினர். மலாயாவை ஜப்பானியரிடமிருந்து மீட்க வகுக்கப்பட்ட 'ஸிப்பர்' நடவடிக்கை அது.

திட்டம்

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. மூன்றரை ஆண்டு கழித்து, மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேச நாட்டுப் படை திரும்பி வரத் தயாரானது. சுமார் ஒரு லட்சம் வீரர்களை மேற்குக் கரையில் இறக்குவது, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மோரிப்புக்கு அருகே இருந்த கெலானாங் விமானத் திடலையும் கைப்பற்றுவது, பிறகு தெற்கே சிங்கப்பூர் நோக்கிச் செல்வது என்பது திட்டம்.

அதற்கு முன்னோட்டமாக 1945 மார்ச் 10இல் பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில் நிலையப் பகுதியைக் குறிவைத்து அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின என்று சொல்வதுண்டு. அது தனிப்பட்ட விமானத் தாக்குதல். ஆனால் பக்கத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி அதில் இடிந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்பது அந்த இடத்தில்தான்.

சண்டையில்லாத தரையிறக்கம்

கப்பல்கள் புறப்படும் முன்பே போர் முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆனால் தோக்கியோ விரிகுடாவில் செப்டம்பர் 2இல் கையெழுத்தாகும் வரை எங்கும் படை இறங்கக் கூடாது என்று ஜெனரல் மெக்ஆர்தர் உத்தரவிட்டிருந்தார். அந்த இடைவெளியில் மலாயாவில் அரசு என்று ஒன்றில்லை. ஜப்பானியர் முகாம்களுக்குள் ஒதுங்க, காட்டிலிருந்த கெரில்லாக்கள் ஊர்களுக்குள் வந்தனர். பழிவாங்கல்களும் நடந்தன.

செப்டம்பர் 3இல் பினாங்கிலும், 5இல் சிங்கப்பூரிலும் நேசப்படை இறங்கியது. அப்படியிருந்தும் மோரிப் தரையிறக்கம் கைவிடப்படவில்லை. வீரர்களும் சரக்கும் அந்தத் திட்டப்படியே கப்பல்களில் ஏற்றப்பட்டிருந்தன. அதை மாற்றி அமைப்பதற்கு மேலும் நாள் பிடிக்கும்.

25ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு மோரிப்பில் இறங்கியது. 1942இல் தென்னிந்தியாவில் அமைக்கப்பட்டு, பர்மாவின் அரக்கானில் போரிட்ட பிரிவு அது. 23ஆவது இந்தியப் பிரிவின் வீரர்களும் போர்ட்டிக்சன் பக்கம் வரை நீண்ட கரையில் இறங்கினர். எதிர்த்துச் சுட யாரும் இல்லை. ஆனால் லாரிகளும் மற்ற வாகனங்களும் சேற்றில் புதைந்தன. கரையேறியவை குறுகிய சாலைகளிலும், இரு பக்கக் கால்வாய்களுக்கு இடையிலும் நெரிந்து நின்றன. ஜப்பானியர் எதிர்த்திருந்தால் அன்று கரையில் பெரும் இழப்பு நேர்ந்திருக்கும் என்பது இராணுவ வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. சண்டை நடந்திருந்தால், அதன் நடுவில் சிக்கியிருப்பவை கோலலங்காட், கிள்ளான் தோட்டங்கள்.

செப்டம்பர் 13இல் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில், ஜப்பானிய 29ஆவது படையின் தளபதி இஷிகுரோ, லெப்டினன்ட் ஜெனரல் ராபர்ட்ஸிடம் சரணடைந்தார்.

கரையில் நின்ற தமிழர்

வந்து இறங்கியவர்களும் இந்தியர். அவர்களை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தவர்களிலும் இந்தியர் இருந்தனர். தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தனர். ஜான்சிராணி படையில் பெண்களும் இருந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அதன் துணைத் தளபதியாக உயர்ந்தவர். போர் நீடித்திருந்தால் ஒரே மொழி பேசுவோர் இரு பக்கமும் நின்றிருக்கக்கூடும்.

வேறு பல்லாயிரம் பேர் அப்போது ஊரிலேயே இல்லை. சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பங்கினர் தமிழர். பிழைத்தவர்கள் வீடு திரும்ப மேலும் பல மாதங்கள் ஆயின. திரும்பாதவர்களும் மிகப் பலர்.

படை இறங்கியதும் வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம், ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவித்தது. வாழைமரம் அச்சிட்ட அந்த 'வாழை நோட்டை'த் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்தவர்களுக்கு அது வெறும் காகிதமானது. அரிசித் தட்டுப்பாடும் உடனே தீரவில்லை.

ஆனால் பழைய நாட்களும் அப்படியே திரும்பவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை இராணுவத்தைக் கொண்டு அடக்கிய அதே ஆட்சிதான் மோரிப் வழியாக மீண்டும் வந்தது. அதன் எதிரே நின்றவர்களோ மாறியிருந்தனர். 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது, அதன் முதல் தலைவரான ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்தில் பங்கேற்றவர். ஜானகியும் அதன் தொடக்கக் காலத்தில் உடன் நின்றார்.

மோரிப் கடற்கரையில் அந்தத் தரையிறக்கத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அது இறங்கிய படையை நினைவுகூர்கிறது. அந்தக் காலையைக் கரையிலிருந்து பார்த்த தோட்டத்து மக்களின் கதை, 'ஜப்பான்காரன் காலம்' என்று தாத்தா பாட்டிமார் பேசிய பேச்சில்தான் இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எழுதி வைக்க இதுவே நேரம்.