பாவனையாளர்

மட்டக்களப்பின் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தை அண்டிய கடையொன்றில் அரிசி வாங்குபவர் இலங்கைச் சட்டத்துக்குப் ‘பாவனையாளர்’. அதே அரிசியைச் சென்னையில் வாங்கினால் ‘நுகர்வோர்’.

‘பாவனை’ வடமொழி வழி வந்தது. எண்ணுதல், மனத்தில் உருவாக்குதல் என்பன அதன் பழைய பொருள்கள். தமிழ்நாட்டில் அது இன்று பெரும்பாலும் கற்பனை, பாசாங்கு. ஈழத்திலோ ‘பாவித்தல்’ என்றால் பயன்படுத்துதல். சவர்க்காரத்தையும் பாவிப்பார்கள், சைக்கிளையும் பாவிப்பார்கள். ‘நுகர்’ தமிழ் வேர்: மோத்தல், உண்ணல், துய்த்தல். இலங்கைப் பத்திரிகைகளில் ‘நுகர்வோர்’ என்பதும் தாராளமாக வருகிறது. ஆனாலும் மட்டக்களப்பார் வாயில் புழங்கும் சொல்லே சட்டத்திலும் இருப்பது பெரிய நன்மை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று வாங்குபவருக்கு உடனே விளங்கும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை உருவாக்கியது. வியாபாரி விலையைக் கடையில் காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். குறித்த உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றம்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், எறிந்துவிடாதீர்கள். பழுதான பொருள் பற்றிய முறைப்பாட்டை அதிகார சபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் தெரிவிக்க அதன் இலக்கம் 1977.