மருதி

ஆதிமந்தியின் பெயரை அறியாத தமிழ்க் கவிஞர் அரியர். ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனதும், அவனைத் தேடி அவள் மதிமயங்கித் திரிந்ததும் பன்முறை பாடப்பெற்ற செய்திகள். அவளுக்கு அவனைக் காட்டிவிட்டுக் கடலுள் மறைந்த மருதியோ சங்க நூல்களுள் ஓரிடத்தில்தான் வருகிறாள். பரணர் பாடிய அகநானூறு 222ஆம் பாட்டு அது.

முழவொலி ஓயாத கழாஅர்ப் பெருந்துறையில் விழா நிகழ்கிறது. அத்தி புனலாடும் கோலத்தை 376ஆம் பாட்டிலும் பரணரே காட்டுகிறார். காலில் கழல், இடையில் கரிய கச்சு, அசையுந்தோறும் ஒலிக்கும் மணிகள். கரிகாலனும் சுற்றத்தோடு அமர்ந்து காண்கிறான். 222ஆம் பாட்டிலே காவிரியும் ஒரு பெண். தாழ்ந்த கருங்கூந்தலை உடையவள். அவன் அழகை விரும்பிக் கவர்ந்துகொள்கிறாள். ஆக, கதையில் பெண்கள் மூவர். கவர்ந்தவளைப் பற்றியும் தேடியவளைப் பற்றியும் தெரிகிறது. காட்டியவள் யார், எவ்வூரினள், ஏன் கடல் புகுந்தாள் என்பவற்றைப் பரணர் கூறவில்லை. பாடல் பெறும் சிறப்புடையவள் என்று மட்டும் குறிக்கிறார். எனவே, அவர் காலத்தில் மருதியைப் பற்றிய பாடல்கள் வழங்கியிருத்தல் வேண்டும். இன்று அவற்றுள் ஒன்றும் இல்லை.

இப்பாட்டில் பேசுபவள் தலைவி என்பது நோக்கத்தக்கது. வெள்ளிவீதியார் அகநானூறு 45இல் தம் துயருக்கு ஆதிமந்தியை உவமை கூறுவார். இத்தலைவியோ, இரவு மழை நனைத்த வழியில் தோழியுடன் புறப்பட எண்ணும் வேளையில், மருதியின் புகழே தனக்கு வேண்டும் என்கிறாள். காதலனை இழந்து அலைந்தவளை விட்டு, பிறள் காதலனை மீட்டுத் தந்தவளை அவள் தேர்ந்துகொள்கிறாள்!

சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையில் கதை மாறுகிறது. புகார்ப் பத்தினியரைக் கண்ணகி எண்ணிச் சொல்லுமிடத்தில் ஆதிமந்தி கரிகாலன் மகள். கணவன் வஞ்சிக் கோமான். கடலே அவனைக் கொணர்ந்து அவள்முன் விடுகிறது. மருதி இல்லை. பத்தினியின் ஆற்றலைப் போற்ற வந்த இடத்தில் இன்னொருத்தியின் உதவி இடையூறாகத் தோன்றியிருக்கலாம். மருதியின் செயலை இளங்கோவடிகள் கடலுக்கு உரியதாக்கிவிட்டார். காவியம் செய்வோர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் இழப்பு மருதிக்குத்தான்.

கிரேக்கரிடம் இவளுக்கு ஒரு தோழி உண்டு. காட்மஸின் மகள் ஈனோ கடலில் பாய்ந்து லியூகோதியா என்னும் தெய்வமானவள். ஹோமரின் ஒடிசி ஐந்தாம் பகுதியில், புயலில் தத்தளிக்கும் ஒடிசியஸுக்குத் தன் முக்காட்டைத் தந்து உயிர்காத்து, நீர்ப்பறவை போல அலைக்குள் மறைகிறாள். அங்கும் அவளுக்குச் சில அடிகளே. ஆனால் மெகாரா நகரத்தார் அவள் உடல் தங்கள் கரையில் ஒதுங்கியது என்று கூறி, ஆண்டுதோறும் பலியிட்டு வந்தனர் எனக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பவுசானியாஸ் எழுதிவைத்தார்.

இங்கே, 20ஆம் நூற்றாண்டில் பாரதிதாசன் இக்கதையைச் 'சேர தாண்டவம்' என நாடகமாக்கினார், கண்ணதாசன் காவியமாக்கினார். காவியத்தின் பெயர் 'ஆட்டனத்தி ஆதிமந்தி'.