பெயர்வழி வந்த துயரம்: ஹைனேயின் வரலாற்றுப் புனைவு

ஜெர்மானியக் கவிஞர் ஹைன்ரிக் ஹைனே 1824-இல் எழுதத் தொடங்கி, 1840-இல் முற்றுப்பெறாத நிலையிலேயே வெளியிட்ட வரலாற்றுப் புனைவு ‘பாக்கராக்கின் ரபி’. பாஸ்கா விருந்தில் அந்நியர் இருவர் ஒரு குழந்தையின் சடலத்தை மேசையடியில் ஒளித்துவைக்கின்றனர். யூதர்மீது கொலைப்பழி சுமத்துவதே நோக்கம். அதனைக் கண்டுகொண்ட ரபி ஆபிரகாம் மனைவி சாராவுடன் பிராங்பர்ட்டுக்குத் தப்புகிறார்.

எஞ்சிய உற்றார் கொலையுண்ட காட்சியை ஹைனே வருணிக்கவில்லை. தொழுகைக்கூடத்தில் கணவரின் நன்றியுரை மெல்ல இறந்தோர்க்கான வேண்டுதலாக மாறுகிறது. உற்றார் பெயர்களுடன் அவ்வாசியுரை இணைந்தொலிக்கக் கேட்டே சாரா உண்மையை உணர்ந்து மயங்குகிறாள்.

தமிழில் ‘அமரர்’ என்னும் அடைமொழி ஒன்றே இறப்பை உணர்த்திவிடும். அத்தகைய மரபுத்தொடரே இங்குச் செய்தியைச் சுமக்கிறது. ஆதலின், மொழிபெயர்ப்பாளர் விளக்கத்தை முன்னரே புகுத்தாது, பெயரும் ஆசியுரையும் முதலில் ஒலிக்கும் வரிசையைக் காத்தல் வேண்டும்.